சொதியைக் கெடுக்கும் தேசிப்புளி மயோனைஸை ஏன் இறுக்குகிறது?

தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி கொதித்துக் கொண்டிருக்கும்போது தேசிக்காய் பிழியக்கூடாது, அடுப்பால் இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் புளி விடவேண்டும். மட்டக்களப்பில் அடுப்படியை எட்டிப் பார்த்த எல்லாருக்கும் இது தெரியும், ஆம்பிளைகள் உட்பட. மீறினால் பால் திரைந்து, மஞ்சள் தண்ணீரில் வெள்ளைத் துகள்கள் மிதக்கும், மேலே எண்ணெய் படரும். இதில் எனக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை, என் மச்சாள் முட்டை போடாத மயோனைஸ் அடிக்கத் தொடங்கும் வரைக்கும்.

மச்சாள் கல்லடியில் வீட்டிலிருந்தே சான்ட்விச், ரோல்ஸ், கட்லட் என்று ஓடருக்குச் செய்து கொடுப்பவர். சோயாப் பாலும் எண்ணெயும் சேர்த்துப் பிளெண்டரில் அடிப்பார், அது தளதளவென்று ஊற்றக்கூடிய பதத்திலேயே நிற்கும், பிறகு தேசிப்புளி விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாத அளவுக்கு இறுகிவிடும். ஒருநாள் கேட்டார்: "என்னகா இது, சொதிக்குப் புளி விட்டா திரையுது, இதுக்கு விட்டா இறுகுது. ரெண்டும் பாலும் எண்ணெயும்தானே மச்சாள்? நீங்கதானே பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறீங்க, சொல்லுங்க பாப்பம்."

நல்ல கேள்வி. உயர்தர வகுப்பில் பால்மம் என்றால் இது, கூழ்மம் என்றால் அது என்று வரைவிலக்கணம் எழுதிப் போட்டுவிட்டுப் போகிற எங்களுக்கு இப்படிப்பட்ட கேள்வியை யாரும் கேட்பதில்லை. அன்று தேத்தண்ணி ஆறும் வரைக்கும் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். அதோடு இந்த மயோனைஸை வீட்டில் அடிக்க நினைப்பவர்களுக்கும் இதில் வேலைக்கு ஆகிற விஷயம் இருக்கிறது.

முட்டை போட்டால் இவ்வளவு தலையிடி இல்லை, அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். மஞ்சட்கருவில் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் இருக்கிறது, கொழுப்போடு ஒட்டிய புரதங்களும் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து எண்ணெயைப் பிடித்து வைப்பதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, கோயில் திருவிழாக் காலம் என்று வந்தால் மச்சாளின் வாடிக்கையாளரில் பாதிப்பேர் மச்சம் தொடமாட்டார்கள், முட்டையும் அதில் சேர்த்தி. அடுத்தது, பச்சை முட்டையில் செய்ததை எங்கள் வெயிலில் பிறந்தநாள் வீட்டு மேசையில் மத்தியானம் முழுக்க வைத்திருக்கிறார்கள், சல்மொனெல்லாக் கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. 2023இல் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்த காலத்தில்தான் மச்சாள் இந்தச் சோயாப் பால் வழிக்கே வந்தார், பிறகு முட்டை கிடைத்த போதும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். தேங்காய்ப்பால் என்று நாங்கள் பிழிவது, எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் சிதறிக் கிடக்கிற ஒரு பால்மம். தண்ணீர் விடாமல் கட்டியாகப் பிழிந்த முதற்பாலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட கொழுப்பு, புரதம் நூற்றுக்கு 4 வீதம் அளவில்தான். அந்தக் கொஞ்சப் புரதம்தான் அவ்வளவு கொழுப்பையும் தண்ணீரோடு சேர்த்து வைத்திருக்கிறது. ஆகவே தாவரப் புரதத்தைக் கொண்டு எண்ணெயை நிலைநிறுத்துவது ஏதோ வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் முளைத்த புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை, எங்கள் வீடுகளில் தேங்காய் துருவிப் பிழிகிற ஒவ்வொரு காலையும் அது நடக்கிறது. என்ன, தேங்காய்ப் புரதங்கள் இந்த வேலையில் அவ்வளவு கெட்டித்தனமானவை இல்லை. கையால் பிழிந்த பாலில் துளிகளும் பெரியவை. அதனால்தான் பாலைப் பிழிந்து வைத்துவிட்டு மீன் வெட்டப் போய் வருவதற்குள் மேலே ஆடையும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். கலக்கிவிட்டால் சேர்ந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். துளிகள் மிதந்து மேலே வந்திருக்கின்றன, அவ்வளவுதான், ஒன்றோடொன்று கரைந்து எண்ணெயாகவில்லை. மிதப்பது வேறு, உடைவது வேறு. மிதந்ததைக் கலக்கிச் சரிப்படுத்தலாம், உடைந்ததைத் திரும்பவும் பிளெண்டரில் போட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும், அதுவும் சிலவேளைதான் சரிவரும்.

புரதம் எப்படிப் பிடிக்கிறது? ஒரு புரத மூலக்கூறு என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி, அது சுருண்டு மடிந்து கிடக்கும். அந்தச் சங்கிலியில் சில பகுதிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சில பகுதிகளுக்குப் பிடிக்காது. தண்ணீரில் இருக்கும்போது தண்ணீர் பிடிக்காத பகுதிகள் உள்ளே ஒளிந்துகொள்ளும். பிளெண்டர் கத்தி எண்ணெயை உடைத்துத் துளியாக்கும்போது புதிதாக ஒரு எண்ணெய் மேற்பரப்பு பிறக்கிறது அல்லவா, புரதம் அங்கே போய் ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மடிப்பு அவிழ்ந்து, ஒளித்து வைத்திருந்த பகுதிகளை எண்ணெய்ப் பக்கமும் மற்றதைத் தண்ணீர்ப் பக்கமும் திருப்பிப் படுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துளியைச் சுற்றி மெல்லிய, ஆனால் இழுபடக்கூடிய ஒரு தோலை உண்டாக்குகின்றன. லெசித்தின் போன்ற சின்ன மூலக்கூறுகள் இதைவிடக் கெதியாக ஓடிவந்து ஒட்டும், ஆனால் இப்படித் தோல் கட்டாது. புரதம் மெதுவாக வரும், வந்தால் இலேசில் போகாது. இதனால்தான் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறார்கள். ஒரே ஊற்றாக ஊற்றினால் புரதம் வந்து மூடுவதற்கு முன்பே அடுத்தடுத்த துளிகள் முட்டிச் சேர்ந்து பெரிதாகிவிடும்.

எவ்வளவு புரதம் வேண்டும் என்று மச்சாளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியபோது அவர் நம்பவில்லை, நீங்களும் போட்டுப் பாருங்கள். 100 மில்லிலீற்றர் எண்ணெயைப் பத்து மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீற்றர், ஏறக்குறைய 650 சதுர அடி, அதாவது ஒரு சின்ன வீட்டின் முழுத் தரை அளவு, ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் எண்ணெயில். ஒரு சதுர மீற்றரை மூடப் புரதம் இரண்டு மூன்று மில்லிகிராம் போதும். ஆக 120 இலிருந்து 180 மில்லிகிராம், கால் கிராம்கூட இல்லை. வீட்டில் எடுக்கும் கட்டியான சோயாப் பாலில் நூற்றுக்கு 3 வீதம் புரதம் என்று வைத்தால் 100 மில்லிலீற்றரில் மூன்று கிராம் இருக்கிறது. தேவைக்கு எத்தனையோ மடங்கு. துளியை ஒரு மைக்ரோமீற்றர் வரைக்கும் பொடியாக்கினால் மேற்பரப்பு பத்து மடங்காகி 600 சதுர மீற்றருக்குப் போய்விடும், அப்போதும் ஒன்று தொடக்கம் இரண்டு கிராமுக்குள் முடிந்துவிடும். வீட்டுப் பிளெண்டரால் அவ்வளவு பொடியாக்கவும் முடியாது, அதற்கு ஆலைகளில் அழுத்தம் கொடுத்து நுண்துளையால் பாலைத் தள்ளும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் முடிந்தவரை பொடியாக்குவதில் லாபம் உண்டு: துளியின் விட்டம் பாதியானால் அது மேலே மிதந்து வரும் வேகம் காற்பங்காகிவிடும்.

இந்தக் கணக்கிலிருந்து எனக்கு விளங்குவது ஒன்று. மயோனைஸ் சரிவரவில்லை என்றால் சோயா போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்ப்போம் என்று நினைப்பது பெரும்பாலும் வீண். புரதம் இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்து, மின்னேற்றத்தோடு, விரிந்து ஒட்டக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். புளி, சூடு, உப்பு, குளிர் எல்லாம் கைவைப்பது அந்த நிலையில்தான்.

புளியை எடுத்துக்கொள்வோம். புளிப்பை அளப்பது பி.எச். பெறுமானம், புளிப்புக் கூடக் கூட அது இறங்கும். சோயாப் பாலினது ஏழுக்குக் கிட்ட, தேங்காய்ப்பாலினது ஆறை ஒட்டி. அந்த இடத்தில் இந்தப் புரதங்கள் எல்லாம் மறை (நெகட்டிவ்) மின்னேற்றம் கொண்டவை. துளியைச் சுற்றிய தோல் முழுக்க மறை ஏற்றம், பக்கத்துத் துளியிலும் அதுவே, ஆகவே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தூரமாக நிற்கும். தேசிப்புளி விட்டால் பி.எச். இறங்குகிறது, ஏற்றம் குறைகிறது. சோயாப் புரதத்துக்கு நாலரையை ஒட்டி, தேங்காய்ப் புரதத்துக்கு நாலை ஒட்டி ஒரு புள்ளி வரும், அங்கே நேரும் மறையும் சமமாகி மொத்த ஏற்றம் பூச்சியம். எங்கள் பாடப்புத்தகத் தமிழில் சமமின் புள்ளி. தள்ளுவதற்கு ஏற்றம் இல்லை, கரையும் தன்மையும் போய்விடுகிறது, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகின்றன.

அடுப்பில் கொதிக்கும் சொதியில் இதோடு சூடும் சேர்ந்துகொள்கிறது. தேங்காய்ப்பால் 80 பாகை செல்சியஸ் தாண்டும்போதே அதன் புரதங்கள் உருக்குலைந்து கட்டத் தொடங்கும். மடிப்பு முழுக்க அவிழ்ந்து, உள்ளே ஒளித்திருந்த தண்ணீர் பிடிக்காத பகுதிகள் வெளியே வந்து, அவை ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முதற்பாலை விட்டபிறகு கொதிக்கவிடாமல் அகப்பையால் துழாவிக்கொண்டே நிற்கச் சொல்கிறார் மாமி. சூட்டோடு புளியும் விழுந்தால் இரண்டு அடியும் ஒரே நேரத்தில். ஆறவிட்டுப் புளி விட்டாலும் துளிகள் கொஞ்சம் கும்பலாகத்தான் செய்யும், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத சின்னக் கும்பல், சாப்பிட்டு முடியும் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஒரு சட்டி சொதிக்கு அது போதும்.

சும்மா சொல்லப்போனால், பாலை உடைக்க வேண்டும் என்றே நாங்கள் செய்கிற வேலையும் ஒன்று உண்டு. தேங்காய்ப்பாலைச் சட்டியில் விட்டு மணிக்கணக்காகக் காய்ச்சி உருக்கெண்ணெய் எடுப்பது. தண்ணீர் வற்ற வற்ற, சூட்டில் புரதத் தோல் கட்டிச் சுருங்கி, துளிகள் கிழிந்து, எண்ணெய் தெளிந்து வரும். அடியில் தங்குகிற, பிள்ளைகள் சீனி போட்டுத் தின்ன அடிபடும் அந்தப் பொன்னிறக் கசடில் பெரும்பங்கு அந்தக் காவல்காரப் புரதம்தான்.

இனி மயோனைஸ். இங்கே எண்ணெய் எவ்வளவு என்று பாருங்கள். மச்சாள் ஒரு பங்கு சோயாப் பாலுக்கு இரண்டு பங்கு எண்ணெய் விடுகிறார், அதாவது மொத்தக் கனவளவில் 67 வீதம் எண்ணெய்த் துளிகள். ஒரே அளவு உருண்டைகளை ஒரு பெட்டிக்குள் கொட்டினால் அவை 64 வீத இடத்தைத்தான் நிரப்பும், அழகாக அடுக்கினாலும் 74 வீதத்துக்கு மேல் போகாது. ஆக 67 வீதத்தில் துளிகள் ஏற்கெனவே தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. துளிகள் பல அளவில் இருப்பதால் சின்னவை பெரியவற்றின் இடைவெளிக்குள் போய் இன்னும் கொஞ்சம் அசைய இடம் கிடைக்கிறது, அதனால்தான் அது ஊற்றும் பதத்தில் இருக்கிறது. முட்டை மயோனைஸில் எண்ணெய் 80 வீதம் வரைக்கும் போகும், துளிகள் நசிந்து பலகோண வடிவத்துக்கே வந்துவிடும், அது இறுக்கமாக இருப்பதற்குப் பெரிய காரணம் அந்த நெரிசல்தான்.

மச்சாளின் கலவைக்குள் தேசிப்புளி விழுந்ததும் சொதியில் நடந்த அதே காரியம்தான் நடக்கிறது: ஏற்றம் போகிறது, துளியின் தோல் பக்கத்துத் துளியின் தோலோடு ஒட்டுகிறது. ஆனால் சொதியில் துளிகளைச் சுற்றித் தண்ணீர் ஏராளம், கும்பல் கும்பலாகச் சேர்ந்து மேலே மிதந்து போக இடம் இருக்கிறது, நாங்கள் அதைத் திரைந்துவிட்டது என்கிறோம். மயோனைஸில் மிதந்து போக இடமே இல்லை. நின்ற நின்ற இடத்திலேயே எல்லாத் துளிகளும் கைகோத்துக்கொள்கின்றன, பாத்திரத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரைக்கும் ஒரே வலை, இடையில் இருக்கும் தண்ணீரும் அதற்குள் சிறை. ஆகவே இறுகுகிறது. நடந்தது ஒன்றே. தண்ணீர் மிகுந்த இடத்தில் அதற்குக் கெட்டுப்போனது என்று பெயர், எண்ணெய் மிகுந்த இடத்தில் பதம் வந்தது என்று பெயர்.

மச்சாள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எண்ணெய் பாதி விடுறதுக்கு முதலே புளி விட்டா?" என்றார். அதுதான் பலருக்கும் பிழைக்கிற இடம். எண்ணெய் முழுக்க உள்ளே போவதற்கு முன் புளி விட்டால், இன்னும் ஒட்டாமல் தண்ணீரில் கரைந்து நிற்கும் புரதமும் சேர்ந்து கட்டிவிடும், பிறகு விடுகிற எண்ணெயை மூட ஆள் இருக்காது. எண்ணெய் முழுவதும் முடிந்த பிறகே புளி, அதுவும் ஒரே தடவையில், விட்டதும் சில விநாடி மட்டும் சுற்றி நிறுத்த வேண்டும். வலை பின்னிய பிறகும் பிளெண்டரை ஓட்டிக்கொண்டிருந்தால் பின்னிய வலையை நாமே அறுக்கிறோம்.

புளியின் அளவில் சுவையை மட்டும் பார்த்தால் காணாது. கிருமிகளைத் தடுக்க பி.எச். நாலை ஒட்டி அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது, கடை மயோனைஸ்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன. தேசிச் சாற்றின் பி.எச். இரண்டு, இரண்டரை என்றாலும் காய்க்குக் காய் சாறு வேறுபடும், சோயாப் பாலும் தன் பங்குக்குப் புளியை வாங்கி விழுங்கும், அதனால் இத்தனை கரண்டி என்று எழுதிக் கொடுக்க நான் தயாரில்லை. விற்பதற்குச் செய்பவர்கள் பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை பெரிதில்லை. தேசியோடு கொஞ்சம் வினாகிரியும் சேர்ப்பது புத்திசாலித்தனம், ஒரே பி.எச்.இல் சிற்றிக் அமிலத்தைவிட அசற்றிக் அமிலம் கிருமிகளை நன்றாக அடக்கும். தேசிக்காய் விலை ஏறும் மாதங்களில் காசுக்கும் நல்லது.

சோயாவை விட்டால் வேறென்ன என்ற கேள்விக்கு வருவோம், எனக்கு இதில் ஆசை அதிகம். கடலை அவித்த தண்ணீர் முதலாவது. நவராத்திரி ஒன்பது நாளும் கடலை அவித்து, அந்தத் தண்ணீரை வாசல் வாழைக்கு ஊற்றுகிறோம். 2014 கடைசியில் ஜோயல் ரொசெல் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த அவரையினத் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கும் என்று காட்டினார், அடுத்த வருடம் அமெரிக்காவில் கூஸ் வோல்ட் என்பவர் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார், உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதில் புரதம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை வீதம்தான். ஆனால் அவிக்கும் சூட்டையும் தாங்கிக் கரைந்து நிற்கிற புரதங்கள் அவை, கூடவே கடலையிலிருந்து கரைந்த மாப்பொருளும், சவர்க்காரம் மாதிரி நுரைக்கிற சப்போனினும் இருக்கின்றன. அவித்த தண்ணீரைக் கடலையோடு இரவு முழுக்க பிரிட்ஜில் விட்டு, வடித்து, கொழகொழப்பு வரும் வரை வற்றக் காய்ச்சி எடுக்க வேண்டும், உப்புப் போட்டு அவித்ததென்றால் வற்றும்போது உப்புக் கரிக்கும். என் கணிப்பில் இது நல்ல வெள்ளையாக, லேசாக வரும், சோயா அளவுக்கு இறுகாது, கடுகு அரைத்த விழுது ஒரு கரண்டி சேர்த்தால் நிற்கும். கடுகுத் தோலில் உள்ள பசைத்தன்மை அதற்கு உதவுகிறது.

பயறு எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் முட்டைக்குப் பதிலாகப் போத்தலில் விற்கும் ஜஸ்ட் எக் என்பது பயற்றம் புரதத்தில் செய்ததுதான், எங்கள் படுவான்கரையில் விளையும் அதே பயறு. அதே கம்பெனி 2013இல் மஞ்சள் பட்டாணிப் புரதத்தில் ஜஸ்ட் மயோ என்று ஒன்றை இறக்கியது, மறுவருடம் மயோனைஸ் விற்கிற பெரிய கம்பெனியான யூனிலீவர் வழக்குப் போட்டது, முட்டை இல்லாததை மயோ என்று எப்படிச் சொல்லலாம் என்று. அந்த நாட்டுச் சட்டப்படி மயோனைஸ் என்றால் முட்டை இருக்க வேண்டும், தாவர எண்ணெய் 65 வீதமாவது இருக்க வேண்டும். டிசம்பரிலேயே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அது தனிக்கதை. வீட்டில் பயற்றம்பால் எடுப்பதில் உள்ள தொல்லை மாப்பொருள். ஊறவைத்து அரைத்து வடித்த பாலை அப்படியே காய்ச்சினால் கூழாகிவிடும். கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்து, மா அடியில் படிந்ததும் மேல்நீரை மட்டும் சாய்த்து எடுத்துக் காய்ச்ச வேண்டும். படிந்த மாவை எறியாதீர்கள், கஞ்சிக்கு ஆகும்.

கச்சான் பால் நன்றாகவே பிடிக்கும், மணமும் நல்லது, ஆனால் கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு அது உயிராபத்து, ஆகவே விற்கும் பொருளில் வெளியே எழுதி ஒட்டாமல் கச்சானையும் சோயாவையும் சேர்ப்பது சரியில்லை. மைசூர்ப் பருப்புத் தண்ணியிலும் முடியும், நிறமும் பருப்பு மணமும் காட்டிக் கொடுக்கும். சோயாவுக்கு வந்தால், கடையில் விற்கும் வனிலா போட்ட இனிப்புச் சோயாப் பால் சரிவராது என்று சொல்லவும் வேண்டுமா, ஆனால் அதில் அடித்துவிட்டு என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். சோயா அவரையை ஊறவைத்து, கொதிதண்ணீர் விட்டே அரைத்தால் அந்தப் பச்சை மணம் குறையும், அந்த மணத்தை உண்டாக்கும் நொதியம் சூட்டில் அடங்கிவிடும். பிறகு வடித்து நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும், பச்சைச் சோயாவில் சமிபாட்டைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. சூடு புரதத்தைக் கெடுக்கும் என்று மேலே எழுதிவிட்டு இப்போது கொதிக்க வை என்கிறேனே என்றால், சோயாப் பால் ஏழுக்குக் கிட்டவுள்ள பி.எச்.இல், நிறைய மறை ஏற்றத்தோடு இருக்கும்போது கொதிப்பதால் அதன் புரதங்கள் அவிழ்ந்தாலும் சின்னச் சின்னக் கூட்டங்களாகக் கரைந்தே நிற்கும். அப்படிக் கொஞ்சம் அவிழ்ந்தது எண்ணெயில் இன்னும் நன்றாக ஒட்டவும் செய்யும். கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிட்டு, அப்புறம் எண்ணெய். சூட்டையும் புளியையும் ஒன்றாகச் சந்திக்கவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எண்ணெயில் ஒரு கண்டிப்பு. தேங்காயெண்ணெய் வேண்டாம். எங்கள் ஊர் எண்ணெய்தான், விட மனம் வராது, ஆனால் அது 24, 25 பாகைக்குக் கீழே உறையும். பிரிட்ஜுக்குள் போனதும் துளிக்குள் கொழுப்புப் படிகங்கள் முளைத்து ஊசியாகத் தோலைக் குத்திக் கொண்டு பக்கத்துத் துளிக்குள் நுழையும், வெளியே எடுத்து வைத்ததும் உருகி எண்ணெயும் தண்ணீருமாகப் பிரியும். பிரிட்ஜில் வைத்த தேங்காய்ப்பால் பிறகு கறியில் திப்பிதிப்பியாக வருவதும் இதனால்தான். பாம் எண்ணெயும் குளிரில் கலங்கும். சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெய் சரி. நல்லெண்ணெய் உறையாது, ஆனால் சான்ட்விச் முழுக்க இட்லிப்பொடி வாசம் வரும், அது பரவாயில்லை என்பவர்கள் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

பெட்டியில், ரின்னில் வருகிற தேங்காய்ப்பால் ஏன் உடைவதில்லை என்றும் மச்சாள் கேட்டார். பக்கத்தில் எழுதியிருப்பதை வாசித்தால் தெரியும்: குவார் பசை, பொலிசோர்பேற்று, சிலதில் சோடியம் கேசினேற்று. அழுத்த இயந்திரத்தால் துளியைப் பொடியாக்கி, தேங்காய்ப் புரதத்தால் முடியாததை மற்றவற்றால் முடித்து வைக்கிறார்கள். கேசினேற்று மாட்டுப்பாலிலிருந்து எடுப்பது, தேங்காய்ப்பால் மாவில் அது அடிக்கடி இருக்கும், பால் பொருள் தொடாதவர்கள் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, இது என் நெடுநாள் அரிப்பு. எள்ளு, கச்சான் செக்கில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம், கச்சான் புண்ணாக்கில் பாதிக்குக் கிட்டக்கூட வரும். அது முழுக்க மாட்டுக்குப் போகிறது, மாடு தயிராக்கித் தருகிறது, அதிலும் நட்டமில்லை. ஆனால் அதிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்தால் இந்த மயோனைஸ் வேலைக்கு ஆகும் என்பது கொள்கையளவில் சரி. தடை என்னவென்றால், ஆலையில் சூடேற்றி அமுக்கும்போதே புரதம் கட்டிக் கரையாமல் போய்விடுகிறது, கரையாத புரதம் துளியை மூடாது. குளிர்முறையில் ஆட்டிய, அன்றன்றைக்கு எடுத்த, பூஞ்சணம் பிடிக்காத புண்ணாக்காக இருக்க வேண்டும், கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு வரும். இது வீட்டில் விளையாடுகிற விஷயம் இல்லை, வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மச்சாளுக்கு இப்போது புதிதாக ஒரு ஓடர். காத்தான்குடியில் ஷவர்மாவோடு தருகிற அந்த வெள்ளை உள்ளிச் சோஸ் மாதிரி வேண்டுமாம், முட்டையும் இல்லாமல். மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்த ஆட்களுக்கு அந்த ருசி நாக்கில் ஏறிவிட்டது. நான் சொன்னேன், அதற்குச் சோயாவே தேவையில்லை, அரபு நாட்டு முறையில் அது உள்ளி, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டும், தோம் என்பார்கள், எண்ணெயைப் பிடிப்பது உள்ளிக்குள் இருக்கும் புரதமும் மற்றப் பொருள்களும்தான். உள்ளியை உப்போடு பட்டுப்போல அரைத்து, எண்ணெயும் புளியும் மாறி மாறி, மிக மெதுவாக. இங்கே புளி கடைசியில் இல்லை, இடையிடையே போகிறது, அது ஏன் உடைவதில்லை என்று கேட்கத்தான் போகிறார். பச்சை உள்ளியை எண்ணெய்க்குள் மூழ்க வைத்து வெளியே விட்டால் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமி வளர வழியுண்டு, பி.எச். 4.6க்குக் கீழே நன்றாக இறங்கியிருக்க வேண்டும், பிரிட்ஜில் வைக்க வேண்டும், அதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டேன். மற்றது, வெள்ளிக்கிழமை உள்ளி சேர்க்காத ஆட்களும் இருக்கிறார்களே என்றார் மச்சாள். அவர்களுக்குச் சோயாவே சரி.